திமில் மாஷீரைக் காவிரிக்குத் திரும்பக் கொண்டுவர எந்த வழி?

காவிரியில் அழிவின் விளிம்பில் நிற்கிற திமில் மாஷீர் என்ற பெரிய ஆற்றுமீனைப் பற்றி இப்போது நிறையப் பேர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றி "குஞ்சு பொரிக்கவைத்து ஆற்றில் விட்டால் போச்சு" என்ற இடத்திலேயே வந்து நிற்கிறது. நம் முன்னால் இருப்பது மூன்று வழிகள். பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து குஞ்சுகளை விடலாம். மீன் இன்னும் மிஞ்சியிருக்கிற மோயாற்றிலிருந்து சிலவற்றை எடுத்து, அது இல்லாமல் போன இடத்தில் விடலாம். இல்லையென்றால் மீனைத் தொடாமல் ஆற்றைச் சரிசெய்து, அதுவாகப் பெருகி வர இடம் கொடுக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவதில் தொடங்க வேண்டும், இரண்டாவதைச் சிறிய அளவில் நிதானமாகச் செய்ய வேண்டும், முதலாவதைக் கடைசிக் காப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் இந்த வரிசை என்பதுதான் மிச்சக் கட்டுரை.

மீனைத் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். மாஷீர்களைத் தமிழில் பூமீன் கெண்டை, பொம்மீன் என்றெல்லாம் சொல்வார்கள். கெண்டைக் குடும்பம்தான், ஆனால் வளர்ந்த மீனின் ஒரு செதில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். காவிரிப் படுகைக்கு மட்டுமே உரிய இந்த இனத்துக்குத் தலை முடிகிற இடத்திலிருந்தே முதுகு மேடாக எழும்பும், அதனால்தான் திமில் என்கிறோம். துடுப்புகளில் ஆரஞ்சு நிறம் ஓடும். 1946-ல் மைசூர்ப் பக்கம் டி வெட் வான் இங்கன் தூண்டிலில் பிடித்த மாஷீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. பள்ளியில் ஏழாம் எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளையைவிடக் கனமான ஆற்றுமீன்.

இவ்வளவு பெயர்பெற்ற மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் இல்லை. 2007-ல் அமராவதியின் மேல்பகுதியான பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களை வைத்து, டோர் ரேமாதேவி என்று ஓர் இனத்தை விவரித்திருந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியலாளர் ரேமா தேவியின் பெயர் அது. 2018-ல் மோயாற்று மீன்களை வைத்து ஒப்பிட்டபோதுதான், காவிரியின் பெரிய திமில் மாஷீரும் பாம்பாற்றுச் சிறு மீனும் ஒரே இனம் என்று தெளிவானது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அற்றுப்போகும் தறுவாயில் உள்ள இனமாக அது சேர்ந்தது.

பெயர் இல்லாததால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். நிறையக் கெட்டது. எல்லா மாஷீரும் மாஷீர்தானே என்ற எண்ணத்தில், 1970-களின் பிற்பகுதியிலிருந்து லோனாவாலாவில் உள்ள டாடா பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மாஷீர்க் குஞ்சுகள் காவிரிக்கு வந்தன. அது இன்னோர் இனம், காவிரிக்கு வெளியிலிருந்து வந்தது. மாஷீர் குறைகிறதே என்ற உண்மையான கவலையில்தான் செய்தார்கள், அதில் சந்தேகம் இல்லை. நடந்தது என்ன? கர்நாடகத்தில் காலிபோர் என்ற இடத்தில், பிடித்து எடைபோட்டுவிட்டு மறுபடி ஆற்றிலேயே விடுகிற தூண்டில் முகாம் ஒன்று இருந்தது. அங்கே 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பதிவேடுகளில் 6,000-க்கும் மேற்பட்ட மீன்கள் இருக்கின்றன. பின்னாளில் அவற்றை ஆராய்ந்தபோது, மொத்தத்தில் மாஷீர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருக்கிறது, திமில் மாஷீர் மட்டும் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தவருக்கு ஆறு செழிப்பாகவே தெரிந்திருக்கும்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், பொரிப்பகம் என்ற முதல் வழியை எடைபோடும்போது, நாம் அதை ஏற்கெனவே ஒருமுறை இந்த ஆற்றில் செய்து பார்த்துவிட்டோம் என்பதை மறக்கக்கூடாது.

சரி, பொரிப்பகத்துக்கு வருவோம். அதன் பலம் எண்ணிக்கை. காட்டில் ஆயிரம் முட்டைக்கு ஒன்றோ இரண்டோ பெரிய மீனாகும், தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டால் பெரும்பகுதியை விரலளவு வரை கொண்டுவந்துவிடலாம். இத்தனை குஞ்சு விட்டோம் என்று கணக்குக் காட்டலாம், படம் எடுக்கலாம், பணம் ஒதுக்குகிறவர்களுக்கும் புரியும். 2020-ல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் ஆறுகளில் குஞ்சு விடுவதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அதனால் வழியும் பழகிய வழி.

ஒருமுறை அப்படியொரு நிகழ்ச்சியைக் கரையிலேயே நின்று பார்த்தேன். ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகள் வண்டியிலேயே வெயிலில் கிடந்தன, விருந்தினர் வரத் தாமதம். முறைப்படி பையைக் கட்டோடு ஆற்றில் மிதக்கவிட வேண்டும், உள்ளே உள்ள தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுநீரை உள்ளே சேர்க்க வேண்டும், அப்புறம்தான் வாயை முழுசாகத் திறந்து குஞ்சுகளைத் தாமாக நீந்திப்போக விட வேண்டும். அன்றைக்கு இருந்த அவசரத்தில் பைகளை அறுத்துக் கவிழ்த்துவிட்டார்கள். குஞ்சுகள் கரையோரத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு சுற்றின. கூட்டம் கலைந்து சில நிமிடத்தில் கொக்குகள் இறங்கின. அவை ரோகுக் குஞ்சுகள், வேண்டுமென்றால் மறுவாரம் இன்னொரு வண்டி வரும். ரோகு ஒரு கிலோ எடைக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். மாஷீர்களில் அந்தக் கணக்கு சில ஆயிரங்கள்தான், அதையும் ஒரே தடவையில் போடாமல் தவணை தவணையாகப் போடும். திமில் மாஷீர்க் குஞ்சு ஒரு பை வீணானால் இன்னொரு பை எங்கிருந்தும் வராது.

கையாளும் விதத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொள்வோம். அதைவிடப் பெரிய சிக்கல் தாய்மீன். காட்டிலிருந்து இருபது பெரிய மீன்களைப் பிடித்து வந்தால், அதில் பெண் எத்தனை, சினைக்கு வருவது எத்தனை, பிழைத்த குஞ்சுகள் யாருடைய குஞ்சுகள்? பல நேரம் இரண்டு மூன்று ஜோடிகளின் பிள்ளைகள்தான் பல்லாயிரமாகப் பெருகி ஆற்றுக்குப் போகும். அத்தனையும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. பத்து வருடம் கழித்து அவை ஒன்றோடொன்று சேரும்போது வரும் பலவீனத்தை எந்தத் தீவனமும் சரிசெய்யாது. தொட்டி வாழ்க்கையும் மீனை மாற்றிவிடும். அமெரிக்காவின் ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் மீன்களின் பரம்பரையை டி.என்.ஏ. மூலம் தொடர்ந்து பார்த்து 2007-ல் வெளியான ஆய்வில், பொரிப்பகத்தில் கழிகிற ஒவ்வொரு தலைமுறைக்கும் காட்டில் பிள்ளைபெறும் திறன் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. சில தலைமுறை தாண்டினால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனாலும் பொரிப்பகத்தை முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை, ஏனென்றால் அது ஒன்றே கதி என்றான ஆறுகளும் உண்டு. பிரான்சின் ஜிரோந்து முகத்துவாரத்து ஐரோப்பிய ஸ்டர்ஜன் என்ற மீன், ஆற்றில் கடைசியாக முட்டையிட்டது 1994-ல். மறுவருடம் காட்டில் பிடித்த ஜோடியை வைத்துச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்தார்கள், 2007-க்குப் பிறகு லட்சக்கணக்கில் குஞ்சுகளை விட முடிந்தது. நடுவில் பன்னிரண்டு வருடம் தொட்டியில் மீன் வளர்ந்து பருவத்துக்கு வரக் காத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஓவன்ஸ் ஆற்றிலும் ட்ரௌட் காட் என்ற மீனை 1997 முதல் 2006 வரை வருடம் தவறாமல் விட்டதால்தான், விடுவதை நிறுத்திய பிறகும் அது தானாக நிலைத்தது. பத்து வருடம் விடாமல் செய்ய ஆள், பணம், பொறுமை மூன்றும் இருந்தால் பொரிப்பகம் பலன் தரும். திட்டக்காலம் மூன்று வருடம், நான்காவது வருடம் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று தெரியாது என்ற நிலையில் அதில் இறங்கவே கூடாது.

இரண்டாவது வழி, இடம் மாற்றுவது. இதில் என் நம்பிக்கைக்குக் காரணமும் அதே ட்ரௌட் காட்தான். மர்ரம்பிட்ஜி ஆற்றில் பொரிப்பகத்தில் பெரிதாக வளர்த்த மீன்களுக்கும் காட்டில் பிடித்த மீன்களுக்கும் ரேடியோ கருவி பொருத்தி ஒன்றாக விட்டுப் பின்தொடர்ந்தார்கள். ஒரு வருடத்துக்குள் பொரிப்பக மீன்களில் பெரும்பாலானவை செத்துப்போயின, காட்டு மீன்களில் பெரும்பாலானவை உயிரோடு இருந்தன. ஆற்றில் பிறந்த மீனுக்கு எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கலாம், வெள்ளம் வந்தால் எங்கே ஒண்டலாம், நீர்நாய் எப்படி வரும் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. தொட்டியில் வேளாவேளைக்கு உருண்டைத் தீவனம் தின்று வளர்ந்ததற்கு இதில் எதுவும் பழக்கமில்லை.

ஆனால் எடுக்கிற இடம் ஒன்றே ஒன்று. முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டி, பள்ளத்தாக்கில் ஓடிப் பவானிசாகர் அணையில் சேர்கிற மோயாறு. தெங்குமரஹாடாவுக்குப் பரிசலில் கடந்திருக்கிறவர்களுக்கு அந்த ஆறு தெரியும்: மேலே மின்நிலையங்கள், அங்கே தண்ணீர் திறந்தால் இங்கே மட்டம் ஏறும், நிறுத்தினால் பாறை தெரியும். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் மட்டுமே இந்த மீன் தப்பியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அப்படிப்பட்ட ஒரே கையிருப்பிலிருந்து எடுத்து வேறெங்கோ விதைக்கிறோம், விதைத்தது முளைக்காவிட்டால் இருந்ததும் குறைந்துபோகும். அதனால் எதை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படத்துக்கு நன்றாக இருக்கும் என்று இருபது கிலோ மீனைத் தொடவே கூடாது. ஆற்றை நிரப்புவது அந்தப் பெரிய பெண்மீன்கள்தான், தவிர அதைத் தொட்டியில் போட்டுக் காட்டுப் பாதையில் குலுக்கிக்கொண்டு போனால் உயிரோடு போய்ச் சேருவதே சந்தேகம். மழை முடிந்து தண்ணீர் தெளிகிற சமயத்தில், அந்த வருடத்துக் குஞ்சுகளில் கொஞ்சம் எடுக்கலாம். எப்படியும் அவற்றில் பெரும்பகுதி வெயில் காலத்துக்குள் இரையாகிவிடும், அந்த நஷ்டத்திலிருந்து ஒரு பங்கை நாம் வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் பல தாய்களின் பிள்ளைகளும் கலந்து வரும், பொரிப்பகத்தின் சகோதரப் பிரச்சினை இங்கே பாதி தீர்ந்துவிடும்.

எங்கே விடுவது? சிவனசமுத்திரத்துக்குக் கீழே தொடங்கி மேகதாது, ஒகேனக்கல் வழியாக மேட்டூர் அணையின் தண்ணீர் தொடங்குகிற வரை காவிரி பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. மாஷீருக்கு வேண்டிய எல்லாம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது: ஆழமான மடு, வேகமான நீர், கூழாங்கல் படுகை. கர்நாடகப் பக்கம் காவிரி வனவிலங்கு சரணாலயம், தமிழ்நாட்டுப் பக்கம் 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரில் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயம். மேட்டூருக்குக் கீழே வரிசையாகக் கதவணைகள், ஒவ்வொன்றும் ஆற்றை ஒரு குளமாக்கி வைத்திருக்கிறது, அங்கே விடுவதில் பயன் இல்லை. ஆனால் மேலே சொன்ன துண்டில் நீலத்துடுப்பு நிறைந்திருக்கிறது. அதன் நடுவில் நூறு திமில் குஞ்சுகளை விடுவது இரைபோடுவது மாதிரி ஆகலாம், பிழைத்தாலும் கலப்புக்கு வாய்ப்பு உண்டு. அதனால் என் முதல் தேர்வு, நீலத்துடுப்பு இன்னும் ஏறாத ஒரு கிளையாறு. அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்க்க இப்போது வலைகூட வேண்டாம். ஆற்றுத் தண்ணீரை வடிகட்டி அதில் மிதக்கிற டி.என்.ஏ.வைச் சோதித்தால் எந்த மீன் இருக்கிறது, எது இல்லை என்று ஓரளவு தெரிந்துவிடும்.

மூன்றாவது வழியில் மீனே கண்ணில் படாது, அதனால்தான் யாருக்கும் அதில் ஆர்வம் வருவதில்லை. 2013-ல் பன்னாட்டு ஒன்றியம் வெளியிட்ட இடமாற்ற வழிகாட்டிகள் முதலில் கேட்பதே, இனம் எதனால் அழிந்ததோ அந்தக் காரணம் போய்விட்டதா என்பதைத்தான். காவிரியில் காரணங்கள் ஊரறிந்தவை. கோடையில் தண்ணீர் வற்றி மீனெல்லாம் மடுவுக்குள் ஒடுங்கும்போது வெடி போடுவது. ஒரு தோட்டா போட்டால் மேலே மிதக்கிற பத்து மீனைப் பொறுக்குவார்கள், காற்றுப்பை கிழிந்து அடியில் போய்க் கிடக்கிற மீன் எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை, அந்த மடுவில் குஞ்சு குளுவான் எதுவும் மிஞ்சாது. அடுத்தது மணல், முட்டையிடும் படுகையே லாரியில் போய்விடுகிறது. அப்புறம் அணைகள், மழை வந்ததும் புதுத்தண்ணீரை எதிர்த்து மேலே ஏறி முட்டையிடுகிற மீனுக்கு அணை என்றால் சுவர். திலேப்பியா, ஆப்பிரிக்கக் கெளுத்தி மாதிரி வந்தேறிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் வெடியையும் வலையையும் நிறுத்துவதுதான் மலிவு, பலனும் சீக்கிரம். தாய்லாந்தில் சால்வீன் படுகையில் ஒரு சிற்றாற்றில் கிராமத்து மக்களே சிறு சிறு துண்டுகளை ஒதுக்கி அங்கே மீன்பிடிக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். 23 துண்டுகளை அளந்து 2020-ல் வந்த ஆய்வில், பக்கத்துத் தண்ணீரைவிட அங்கே மீன்களின் மொத்த எடை 20 மடங்குக்கும் மேல் இருந்தது. நமக்கும் இது புதிதில்லை, சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையில் கோயில் மீன் என்பதற்காகவே யாரும் தொடாமல் பெரிய பெரிய மாஷீர்கள் மேலே வந்து பொரி தின்றுவிட்டுப் போகின்றன. காவிரியிலும் தூண்டில் முகாம்கள் நடந்த காலத்தில், முன்பு திருட்டுத்தனமாக மீன்பிடித்த உள்ளூர் ஆட்களையே காவலுக்கு வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். எந்த மடுவில் எப்போது வெடி விழும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? 2012-ல் முகாம் மீன்பிடி நின்றபோது அந்த வேலையும் நின்றது. தூண்டில் முகாமைத் திரும்பத் திறப்பதா வேண்டாமா என்பதில் எனக்கே இரண்டு மனது இருக்கிறது, ஆனால் அந்தக் காவல் வேலை திரும்ப வரவேண்டும் என்பதில் இல்லை.

தண்ணீரும் கேட்டாக வேண்டும். காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த 10 டி.எம்.சி. எந்த மாதத்தில் எங்கே ஓடவேண்டும் என்று மீன் சார்பில் கேட்க ஆள் வேண்டும். மீன் ஏறுகிற வாரங்களில் நாலு நாள் தொடர்ச்சியாக ஓடினால் அது ஒரு தலைமுறைக்குச் சமம்.

இந்த வழிக்கும் எல்லை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆற்றைச் சரிசெய்தால் மீன் தானாக வரும் என்பது, வருவதற்கு மீன் எங்கேயாவது இருந்தால்தான். அமெரிக்காவில் கென்னபெக் ஆற்றின் எட்வர்ட்ஸ் அணையை 1999-ல் இடித்ததும் கீழே கடலில் காத்திருந்த மீன்கள் ஏறி வந்துவிட்டன. ரைன் ஆற்றில் 1986-ல் பாசல் பக்கத்து இரசாயனக் கிடங்கு தீப்பிடித்து ஆறே நஞ்சானபிறகு பெரிய முயற்சி எடுத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்தார்கள், அணைகளில் மீன் ஏறும் பாதை கட்டினார்கள், ஆனால் ரைனுக்கே உரிய சால்மன் அதற்கு வெகுமுன்பே அற்றுப்போயிருந்ததால் வேறு ஆறுகளின் முட்டையைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நமக்கு மோயாறு இருக்கிறது, அவர்களுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. ஆனால் மோயாற்று மீன் பவானிசாகரையும் மேட்டூரையும் தாண்டித் தானாகக் காவிரியின் மேல்துண்டுக்கு ஏறாது. அந்த ஓர் இடைவெளிக்குத்தான் இரண்டாவது வழி தேவைப்படுகிறது. நீலத்துடுப்பும் தானாகப் போகாது. காவல் உள்ள துண்டுகளில் உள்ளூர் மீனவர்கள் தூண்டிலில் நீலத்துடுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஆரஞ்சுத் துடுப்பை விட்டுவிட வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்யலாம். சிறு மீனில் திமில் அவ்வளவு எடுப்பாகத் தெரியாது என்பதால் பெரிய மீனில் மட்டும், பயிற்சி கொடுத்துச் செய்யவேண்டும். காவிரியில் இனி எந்த மாஷீர்க் குஞ்சும் விடக்கூடாது என்பது இதற்கெல்லாம் முன்னால் வரவேண்டிய உத்தரவு.

இன்னொன்றும் இருக்கிறது. மேகதாதுவில் 67 டி.எம்.சி. அணை வந்தால், மேலே நான் விரித்துச் சொன்ன அந்த ஓடுகிற துண்டில் பெரும்பகுதி ஏரியாகிவிடும். அப்போது காவிரியின் முதன்மை ஆற்றில் இந்த மீனுக்கு இடமே இருக்காது, கிளையாறுகள் மட்டும்தான். அதை மனதில் வைத்தும்தான் கிளையாற்றை முதல் தேர்வாகச் சொன்னேன்.

பொரிப்பகத்தை எப்போது கையிலெடுப்பது? மோயாற்றில் வருடாவருடம் ஒரே மாதிரி கணக்கெடுக்க வேண்டும். இரண்டு மூன்று மழைக்காலம் தொடர்ந்து புதுக்குஞ்சு கண்ணில் படவில்லை என்றால் அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும், பிரான்சில் செய்தது மாதிரி கடைசி ஜோடி வரை காத்திருக்கக்கூடாது. அதற்கு முன்னேற்பாடாக இப்போதே சில மீன்களின் விந்தை எடுத்து உறையவைக்கலாம், மீனைப் பிடித்த இடத்திலேயே எடுத்துவிட்டு மீனைத் திரும்ப விட்டுவிடலாம். இதற்குக் கட்டடமோ திறப்புவிழாவோ தேவையில்லை.

இதில் உடனடியாகத் தொடங்கக்கூடியது காவல்தான். சித்திரையும் வைகாசியும்தான் ஆறு சுருங்கி மடுக்கள் தனித்தனியாகிற மாதங்கள், வெடிபோடுகிறவர்களுக்கும் அதுவே வசதியான காலம். மடு ஒன்றுக்கு இரண்டு பேர், இரவில் ஒரு டார்ச், கூப்பிட்டால் எடுக்கிற ஒரு வனத்துறை எண், மாதச் சம்பளம் மாதாமாதம். தென்மேற்குப் பருவமழை இறங்கும் வரை அந்த மடுவில் இருக்கிற மீன் உயிரோடு இருந்தால், புதுத்தண்ணீர் வந்ததும் அது மேலே ஏறும்.